உயிர்வெள்ளை

சுகந்தி தும்மினால் நான் அவளைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்ப்பேன். பழக்கமாகிவிட்டது. அடுக்குத் தும்மல் என்றால் பீரோவுக்குப் பின்னால். தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தால் குளியலறைக் கூரை. தும்மலும் இல்லாமல் இருமலும் இல்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தோள்பட்டையைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள் என்றால், எங்கே என்று தேட நேரம் கிடையாது. இன்ஹேலரைத்தான் தேட வேண்டும்.

பூஞ்சை ஒவ்வாமை என்று மருத்துவர் சொன்னார். "வீட்டை ஈரமில்லாம வச்சுக்குங்க, போதும்." அவர் மலைமேல் குடியிருக்கிறார் போல. எங்கள் அடுக்ககம் ஏரியைத் தூர்த்துக் கட்டியது. ஐப்பசி கார்த்திகையோடு மழை முடிந்த காலமெல்லாம் போய்விட்டது. இப்போது ஆடியில் பிடித்தால் தை வரைக்கும் விடாது. அடியில் நிற்கும் தண்ணீர் செங்கல் செங்கலாக ஏறி முதல் மாடியில் இருக்கும் எங்கள் படுக்கையறை வரைக்கும் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் அதை 'ஓதம் காக்குது' என்பார்கள். சுவர் எதைக் காக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

செய்யாதது ஒன்றும் இல்லை. முதலில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போனது, அந்த நெடியில் சுகந்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு வினிகர். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டக் கூடாது, வித்து பறக்கும், நனைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்பதைக்கூடப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மெத்தையை எறிந்தோம். திரைச்சீலைகளை எறிந்தோம். பீரோவையும் கட்டிலையும் சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம், வீடு பாதியானது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். அதன் தொட்டி நிரம்பும், கொட்டுவேன், மறுபடி நிரம்பும். ஏரியைக் குவளையால் இறைப்பது மாதிரி.

சுகந்தி ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்குப் பழைய புத்தகத்தைத் திறப்பதும் விஷப் புட்டியைத் திறப்பதும் ஒன்றாகிப் போனது. விட்டுவிட்டாள். எனக்கு இரவு வேலை. வேறொரு கண்டத்துக் கடைகளின் கேமராக்களை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எவனாவது எதையாவது திருடினால் பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. உடம்புதான் இன்னும் வேலையை விடவில்லை. வெளிச்சம் வந்தால் தூங்குகிறது, இருட்டினால் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடக்கிறது.

இப்படி இருந்தபோதுதான் ஒரு கம்பெனியிலிருந்து வின்சென்ட் என்பவன் வந்தான். வெள்ளம் ஏறும் பகுதிகளில் சில வீடுகளைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னான். இலவசம். கையில் பெயிண்ட் டப்பா.

"பெயிண்டா?" என்றேன்.

"பெயிண்ட் மாதிரிதான் சார் அடிப்போம். உள்ள இருக்கறது உயிர். உயிர்வெள்ளைன்னு பேர் வச்சிருக்காங்க. சுவத்து ஈரத்தைக் குடிச்சு வாழும். பூஞ்சை முளைச்சா தின்னும். காத்துல வர்ற வித்தையும் பிடிச்சுத் தின்னும்."

"எங்க சுவர் பூரா ஓதம்."

"அருமை சார். இந்த மாதிரி வீடுதான் நாங்க தேடுறோம்."

எங்கள் வீட்டை அதுவரை யாரும் அருமை என்று சொன்னதில்லை. சுகந்தி முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டாள்: "எல்லாத்தையும் தின்னு முடிச்சா? அப்புறம் பசிச்சா எங்களைத் தின்னுமா?"

"மேடம் நல்லா ஜோக் அடிக்கிறீங்க."

"ஜோக் இல்ல தம்பி. கேட்டேன்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "ஒரு சுவரைத் தாய்ச்சுவரா வைப்போம் மேடம். அதுல மட்டும் கெட்டியா அடிப்போம். அது ஒரு வாடை விடும். நம்ம மூக்குக்குத் தெரியாது. அந்த வாடை எட்டற வரைக்கும்தான் மத்ததுக்கெல்லாம் உயிர். தாண்டிப் போச்சுன்னா செத்துரும். ஊர் பூரா பரவிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. உங்களுக்குப் பிடிக்கலைன்னா தாய்ச்சுவரை நனைச்சுச் சுரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சிருங்க. ரெண்டு மூணு நாள்ல மொத்தமும் காலி."

"பிடிக்காம போகுமா?" என்றேன்.

"இதுவரைக்கும் யாரும் சுரண்டல சார்."

படுக்கையறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தாய்ச்சுவராக்கினான். மற்றச் சுவர்களில் மெல்லிசாக ஒரு பூச்சு. கொஞ்சம் மஞ்சள் தட்டிய வெள்ளை. தொட்டால் பிசுபிசுப்பு இல்லை, ஆனால் குளிர்ச்சி. அன்றைக்கே ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த வாரக் கடைசியில், நான் பகல் தூக்கத்திலிருந்து எழுந்தபோது சுகந்தி முகக்கவசம் இல்லாமல் ஜன்னலருகே நின்று, நாய் மாதிரி மூக்கைத் தூக்கி மோந்துகொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"மணா, புளிச்ச மாவு வாசனை வருது."

மணவாளன் என்ற என் பெயரை அவள் ஒருத்திதான் இப்படிப் பாதியாக வெட்டுவாள். நானும் மோந்து பார்த்தேன். வந்தது. எப்போதுமே வந்துகொண்டிருந்ததுதான். அவள் மூக்குக்குத்தான் அது நெடுநாளாக வரவில்லை.

மாவு, நேர் கீழ்வீட்டுக் கோமளாக்காவுடையது. தரைத்தள வீட்டு வாசலில் பெரிய கிரைண்டரைப் போட்டு, தெருவுக்கே இட்லி மாவு விற்பவர். கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் அது இரண்டாந்தாரம் கட்டின மாதிரி என்று இந்தத் தெருவில் பேசிக்கொள்வார்கள். சோடா உப்பு போடமாட்டார். "அரைக்கிறதுதான் மிஷினு. பொங்க வைக்கிறது கை" என்பார். அரைத்த மாவில் உப்பைப் போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து மேலே கரைத்துவிடுவார். காலையில் குண்டான் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு நிற்கும். இந்த ஊரில் அதைக் கைராசி என்பார்கள். அந்தக் கைக்கு மாவோடு வேலை முடிந்துவிடாது. வளைகாப்பா, முதல் வளையல் அவர் போட வேண்டும். புது வீடா, பாலை அவர் காய்ச்ச வேண்டும். புருஷன் இல்லாதவர் என்று எவனோ ஒருமுறை முணுமுணுத்தபோது தெருவே சேர்ந்து அவன் வாயை அடைத்ததாகச் சொல்வார்கள். அந்தக் கை அவ்வளவு உசத்தி.

சுகந்தி கீழே போக ஆரம்பித்தாள். முதலில் மாவு வாங்க. பிறகு சும்மா. பிறகு சாயங்காலம் ஆனால் ஆளே கிடையாது. நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

"யாரு இது, மாடியில பேய் குடியிருக்குன்னு நெனச்சேன், பொண்ணுதானா?"

"பேய்தாங்க்கா. இப்பத்தான் லீவு விட்டிருக்காங்க."

"உன் ஊட்டுக்காரு?"

"தூங்குறாரு."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கா? குடுத்து வச்ச ஆளு! நல்லா தூங்கட்டும், எழுப்பாத. எழுந்தா காப்பி கேப்பான். அந்தத் தண்ணி சொம்பை எடு."

கிரைண்டரில் கல் சுற்றும் சத்தத்துக்கு நடுவே சுகந்தியின் சிரிப்பு மேலே வந்தது. இருமலாக மாறாத சிரிப்பு. அதற்கு முன் அது எப்படியிருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் உளுந்து தள்ளிவிட்டாள், குண்டானைக் கழுவினாள், மாவு கரைக்கக் கற்றுக்கொண்டாள். மாவு பட்ட கை வழுவழுவென்றிருக்க மேலே வருவாள்.

முதலில் எங்கள் வீட்டில் பால் உறைய மறுத்தது. உறை ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருந்தது. கெடவும் இல்லை. மேடையில் மறந்துவைத்த சாதம்கூட ஊசவில்லை. நல்லதுதானே என்று நினைத்துத் தயிரைப் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டோம்.

அடுத்தது கோமளாக்காவின் மாவு.

முதல் நாள் மழைக் குளிர் மேல் பழி போட்டார். மறுநாள் உளுந்து மேல். கடைக்காரனை மாற்றினார், அரிசியை மாற்றினார், குண்டானைப் போர்வையால் சுற்றி வைத்தார். காலையில் மூடியைத் திறந்தால், ராத்திரி விட்ட இடத்திலேயே மாவு கிடந்தது.

"என்னாக்கா இது, இட்லியா கேரம் ஸ்ட்ரைக்கரா? எம் பையன் சுண்டி விளையாடுறான்" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார்.

"வாயை வச்சிக்கினு சும்மா தின்னுய்யா. நாளைக்குப் பாரு."

நாளைக்கும் அதேதான். உப்பும் மிளகாயும் கையில் வைத்துத் தன்னையே சுற்றி அடுப்பில் போட்டார். கிரைண்டருக்கும் சுற்றிப் போட்டார். ஆட்கள் குறைந்தார்கள். மூலைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டும்போது பையை மறுபக்கக் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதே வாரம் மூன்றாவது வீட்டில் வளைகாப்பு. சுகந்தி போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"வளையல் தட்டை அக்கா பக்கம் நீட்டவே இல்ல மணா."

"யாரு?"

"யாருமே. ஒண்ணும் சொல்லல. வேற ஒரு அம்மாவைக் கூப்பிட்டு முதல் வளையல் போட வச்சாங்க. அக்கா கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு ஓரமா நின்னாங்க."

மறுநாள் சாயங்காலம் கோமளாக்கா சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது. "எங் கை செத்துப் போச்சு சுகந்தி. நீ கரைச்சு விடு. உனக்குப் போன உசுரு இப்பத்தான் திரும்பியிருக்கு. புதுக் கை. உன் ராசியில பொங்குதான்னு பாப்போம்."

சுகந்தி தயங்கியது தெரிந்தது. "நான் இன்னும் சரியா கத்துக்கலக்கா."

"உடு கண்ணு, கைய உடு. முழுசா உடு."

அன்றையிலிருந்து கோமளாக்கா மாவைத் தொடவில்லை. சுகந்திதான் கரைத்தாள். அதற்குப் பிறகு மாவில் ஒரு குமிழிகூட வரவில்லை. முன்பாவது கொஞ்சம் புளித்தது. இப்போது அரைத்த மாவு அரைத்த மாவாகவே, சுண்ணாம்புக் குழம்பு மாதிரி உட்கார்ந்திருந்தது.

எனக்கு உறையாத பால் ஞாபகம் வந்தது. வின்சென்டைக் கூப்பிட்டேன். சுகந்தி கீழே இருந்த நேரத்தில் வந்தான். ஏதோ சின்னச் சின்ன ஒட்டுத்தாள்களை எடுத்து சுவிட்ச், டம்ளர், கதவுக் கைப்பிடி, அவள் சீப்பு என்று எல்லாவற்றிலும் ஒற்றி எடுத்தான். எல்லாத் தாளும் நீலமானது.

"மேடம் கை பட்ட எல்லாத்துலயும் இருக்கு சார். கையும் ஈரம்தானே. தோல்ல இடம் பிடிச்சிருச்சு."

"அது சுவத்துலதானே இருக்கணும்?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். ஆனா நல்ல விஷயம் சார் இது! மேடம் இந்தக் கட்டடத்துல எங்க போனாலும் கூடவே காவல். மேலிடத்துல கேட்டா சந்தோஷப்படுவாங்க."

"பால் உறையல."

"போட்டிக்கு வர்ற எதையும் விடாது. அதான் அதோட குணம். பூஞ்சைன்னும் பாக்காது, புளிப்புன்னும் பாக்காது. தயிரைக் கடையில வாங்கிக்குங்க."

"இட்லி மாவு?"

"அதையும் கடையில வாங்கிக்குங்க."

"கடையிலதான்யா பொங்கல" என்று தரையைக் காட்டினேன். கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் ஒட்டுத்தாள்களைப் பைக்குள் வைத்தான். வெளியே எடுத்தான். மறுபடி வைத்தான். "நேர் கீழ்வீடா? அப்ப வாடை எட்டும்."

"இவளை அங்க போகாம நிறுத்திட்டா?"

"போனது போனதுதான் சார். குண்டான், கல்லு, அந்தம்மா கை, எல்லாத்துலயும் குடித்தனம் வச்சிருக்கும். உங்க தாய்ச்சுவர் இருக்கற வரைக்கும் அங்க அது சாகாது. கழுவினாலும் திரும்ப வரும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "எம் பொண்ணுக்கும் இதே வியாதி சார். எங்க வீட்லயும் நானே அடிச்சிருக்கேன். எங்க வீட்ல இட்லி தோசை கிடையாது, தயிர் கிடையாது. ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்கறோம். அவ மூச்சு விடறா. எனக்கு அது போதும். அந்தம்மா வேற வியாபாரம் பார்த்துக்கட்டும்."

அவனைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூடிக்கொண்டேன்.

சுகந்தி மேலே வந்ததும் சொன்னேன். மறைத்துப் பிரயோசனம் இல்லை. அவள் எப்படியும் கண்டுபிடிப்பாள். அவள் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மாவு காய்ந்து விரலிடுக்கில் வெள்ளையாக நின்றது.

"அக்காகிட்ட சொல்லணும்" என்றாள்.

"சொன்னா சாயங்காலத்துக்குள்ள மொத்தக் கட்டடமும் மேல வந்து சுவரைச் சுரண்டும்."

"சுரண்டட்டும்."

"அப்புறம் நீ?"

"முன்னாடி எப்படி இருந்தேனோ அப்படி."

"முன்னாடி நீ இருந்ததுக்குப் பேரு இருக்கறதா? பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல உட்கார்ந்து சாவைப் பார்த்துக்கிட்டிருந்த."

"அதையே அக்கா இப்பப் பண்றாங்க. கையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. சோத்தைக் கரண்டியில எடுத்து வாயில போட்டுக்கறாங்க மணா. அந்தக் கையால சாப்பிட மாட்டேங்கறாங்க."

"அவங்க மாவு விக்கலைன்னா வேற எதையாவது விப்பாங்க. நீ மூச்சு விடலைன்னா வேற எதை விடுவ?"

"நல்லா பேசுற. ராத்திரியெல்லாம் முழிச்சு யோசிச்சு வச்சிருந்தியா?"

"ஆமா."

"நான் அங்க உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே அவங்க பொழப்புல கை வச்சிருக்கேன். நிஜமாவே கை வச்சிருக்கேன்." அவள் கழுவும் தொட்டிக்குப் போய்ச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கழுவினால் போகாது என்று வின்சென்ட் சொன்னதை நான் திரும்பச் சொல்லவில்லை.

வீடு மாறலாம் என்றேன். எங்கே என்று கேட்டாள். இந்த ஊரில் ஓதம் காக்காத சுவர் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. மாறினால் அங்கேயும் வெள்ளை வேண்டும், அங்கேயும் கீழே யாராவது மாவு கரைப்பார்கள். கடைசியில் நான் முடிவாகச் சொன்னேன். "சுவத்தை நான் தொட மாட்டேன். தொட விடவும் மாட்டேன்." அவள் ஈரக் கையை உதறிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளோடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணியும் அப்படி எடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

அடுத்த நாள் பகல் தூக்கத்தில் ஒரு சத்தம் நுழைந்தது. தோசைக் கல்லில் கரண்டி இழுபடும் சத்தம். தோசை சுடுகிறாள் என்று திரும்பிப் படுத்தேன். எந்த மாவில் தோசை என்று அப்புறம்தான் உறைத்தது. எழுந்துபார்த்தால் கூடத்திலிருந்து படுக்கையறை வரைக்கும் ஈரக் காலடி. நான் கூடத்தில் படுப்பேன். அவள் படுக்கையறையில், பழைய முகக்கவசத்தையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, ஸ்டூல் மேல் நின்று, தோசைத் திருப்பியால் தாய்ச்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுவர் சொதசொதவென்று நனைந்திருந்தது. அவள் எப்போதுமே நனைத்துவிட்டுத்தான் சுரண்டுவாள். கீழே விரித்த பிளாஸ்டிக் தாளில் மஞ்சள் வெள்ளைக் கூழ் கிடந்தது. பக்கத்தில் வாளியில் சுண்ணாம்பு.

"இறங்கு" என்றேன்.

"முடிஞ்சிருச்சு."

"இறங்குடின்னு சொல்றேன்."

"கத்தாத. அக்காவுக்குக் கேக்கும்."

திருப்பியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அதைச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. எறிவதற்குச் சுவரில் ஒன்றும் மிச்சமில்லை. வெறும் சிமெண்ட், அங்கங்கே செங்கல். கூரையை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் அவள் கைக்கு எட்டாமல் நின்றிருந்தது. அதை விட்டால் போதும், வளர்ந்துவிடும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. என்னையே பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும். கெஞ்சவில்லை. நான் எந்த மாதிரி ஆள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

நான் ஸ்டூல் மேல் ஏறி மிச்சப் பட்டையைச் சுரண்டினேன். சுண்ணாம்பும் நானே அடித்தேன். அவள் சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டாள். தோல் எரிந்து சிவந்தது.

"கீழ போகப் போறதில்ல" என்றாள். "கை காலியாகற வரைக்கும்."

கோமளாக்காவிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னாள். போய்ச் சொன்னேன். அவர் கிரைண்டருக்குத் துணி போட்டு மூடிவிட்டு முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால். "நல்லா தூங்கச் சொல்லு தம்பி. நீதான் தூக்கத்துல வாத்தியாராச்சே, கத்துக் குடு" என்றார். சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

சுகந்திக்கு முதலில் மூக்கு அடைத்தது. பிறகு கண் அரித்தது. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை மறுபடி எடுத்து ஓடவிட்டேன். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று பழையபடி சண்டை போட்டோம். மழை நின்றபாடில்லை. இருட்டியதும் நான் நடக்க ஆரம்பித்தேன், கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு. அவள் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். எதைப் பற்றியும் அவள் புலம்பவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு காலை, கீழே குண்டான் மூடி தரையில் விழுந்து உருளும் சத்தம். கூடவே ஒரு கூச்சல்.

"ஏய்! பொங்கிருச்சு! வந்து பாருங்கடி, பொங்கிருச்சு!"

தெருவே ஓடியது. எதிர்வீட்டுக்காரர் பனியனோடு வந்து நின்று, "ஸ்ட்ரைக்கர் போயி பவுடர் வந்திருச்சா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கோமளாக்கா வலது கையை முழங்கை வரைக்கும் மாவுக்குள் விட்டு, எடுத்து, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். மாவு விரல் வழியாக நூலாக இறங்கியது.

"இப்பப் போயிச் சொல்லணும்" என்றாள் சுகந்தி. "உங்க கைக்கு ஒண்ணும் ஆகலக்கா, எல்லாம் என்னாலதான்னு சொல்லணும்."

அவள் செருப்பைத் தேடுவதற்குள் கோமளாக்காவே மேலே வந்துவிட்டார். கையில் தூக்குவாளி நிறைய மாவு. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"காய்ச்சல் எப்படி இருக்கு கண்ணு?"

"பரவால்லக்கா. அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"இரு, நான் சொல்லிடறேன். அப்புறம் எனக்கு வாய் வராது." அவர் தூக்குவாளியை நிலைப்படியில் வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார். "தப்பா எடுத்துக்காத. நீ நாலஞ்சு நாளா வரலியா? நேத்து சாயங்காலம் மனசு கேக்காம நானே கரைச்சேன். பொங்கிருச்சு. எங் கை சாகல. நான் யோசிச்சுப் பாத்தேன், எப்பத்துலர்ந்து பொங்கலன்னு. நீ வர ஆரம்பிச்சதுலர்ந்து."

சுகந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்கிட்ட கொறை ஒண்ணும் இல்லம்மா. தங்கமான பொண்ணு. ஆனா சில பேரு கைக்கு ராசி அமையாது. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம். நீ வா, உக்காரு, பேசு, பூ கட்டு. மாவுல மட்டும் கை வைக்காத. என்ன?"

நான் வாயைத் திறந்தேன். சுகந்தி என் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதிய அமுக்கினாள்.

"சரிக்கா" என்றாள்.

"கோவமில்லியே?"

"ஐயய்ய, எதுக்குக் கோவம்."

"இன்னிக்கு இட்லி ஊத்து. பஞ்சா வரும். காசு கீசு குடுத்தன்னா கொன்னுருவேன்." பாதிப் படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை நாலாவது வீட்ல பால் காய்ச்சறாங்க. என்னைக் கூப்ட்டிருக்காங்க. காய்ச்சல் விட்டுச்சுன்னா நீயும் வா. ஓரமா நின்னுக்கலாம்."

கதவைச் சாத்தினேன். "ஏன் என்னைத் தடுத்த? சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல?" என்றாள். "அவங்க சொன்னது சரிதானே."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகத் திரும்பியது. நிற்கவில்லை. தோள் ஏற ஆரம்பித்ததும் இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தேன். அவள் இழுத்து, அடக்கி, விட்டாள். மறுபடி இழுத்தாள். கொஞ்சம் அடங்கியதும் நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தேன். பீரோவை நகர்த்தினேன். பின்னால், இடுப்பு உயரத்தில், மிளகைத் தட்டித் தூவிய மாதிரி பூத்திருந்தது.

வினிகரும் துணியும் எடுத்து வந்தேன். அதற்குள் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றும் சத்தம் கேட்டது. நான் துடைத்தேன், துணியை உறைக்குள் போட்டுக் கட்டினேன், மறுபடி துடைத்தேன். வீடு முழுக்க வேகும் இட்லியின் வாசனை. அதை அவளால் இனி எத்தனை நாளைக்கு மோந்துபார்க்க முடியும் என்று தெரியவில்லை.

"மணா" என்று கூப்பிட்டாள். மூச்சு இரைத்தது.

"என்ன?"

"எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு. இட்லி ஆவி சுவத்துல படுது."